வலப்பனை மலைச்சாரலில் மகளிர் அணையாடை: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றினை அரசர்தம் போர்களைக் கொண்டும், கோயிற் சாசனங்களைக் கொண்டும், தேசாதிபதிகளின் அறிக்கைகளைக் கொண்டும் வரைதல் நெடுங்கால மரபாகும். அம்மக்கள் உண்ட உணவும், உடுத்த உடையும், பருகிய நீரும் அண்மைக் காலத்திலேதான் வரலாற்றாசிரியரின் கருத்தைக் கவரலாயின. அவ்வாறு நெடுநாள் ஒதுக்கப்பட்டிருந்த பொருள்களுள்ளும் மிகவும் ஒதுக்கப்பட்டதொன்று, மாதவிலக்கின்போது மகளிர் கையாளும் துணி. மக்களுட் பாதிப்பேர் தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திங்கள்தோறும் நாடிய ஒரு பொருளைப் பற்றி ஏடுகள் வாய்திறவாமை வியப்புக்குரியதே.

மேலைநாட்டார் இதனை ஆராயத் தொடங்கிய காலத்தில், புதிய கண்டுபிடிப்புக்களின் வரிசையாகவே இவ்வரலாற்றினை எழுதினர். இன்ன ஆண்டில் இன்ன பொருள் புனையப்பட்டது. அதனால் மகளிர் விடுதலை பெற்றனர் என்பது அவ்வரலாற்றின் போக்கு. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியிலும் அதனை அடுத்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் நிலையை நோக்குமிடத்து, அவ்வரிசை போதியதாகத் தோன்றவில்லை. ஈண்டுப் பெண்ணின் நலத்தைத் தீர்மானித்தவை மூன்று: துணியை அலச நீர், மாற்றிக்கொள்ள மறைவிடம், வாங்கக் கூலி. இம்மூன்றும் வாய்த்தவிடத்துப் பழந்துணியும் போதியதாயிற்று. இவை வாயாதவிடத்துப் புதுப்பொருளும் பயன்படாது போயிற்று. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழில் இவ்வுடல் நிகழ்வைக் குறிக்கும் சொற்கள் பலவாம். தொல்காப்பியக் கற்பியல் 'பூப்பு' என்னும் சொல்லை ஆள்கின்றது. பிற்கால வழக்கிலோ விலக்கு, தூரம், தீட்டு, தூமை, சூதகம், முட்டு என்னும் பெயர்கள் பெருகின. முன்னையது மலர்ச்சியை உணர்த்த, பின்னையவற்றுட் பல விலகி நிற்றலையும் தூய்மைக் குறைவையும் உணர்த்துதல் நோக்கற்பாலது.

எனினும், விலகி நிற்கும் வழக்கம் பிற்காலத்திலே தோன்றியது என்று கொள்ளுதல் பொருந்தாது. புறநானூற்றின் 299 ஆம் பாட்டிலே பொன்முடியார் என்னும் புலவர், செல்வம் மிக்க வேந்தனுடைய குதிரைகள் போர்க்களத்திலே முன்செல்லாது நிற்றலைக் கூறுமிடத்து, முருகன் கோட்டத்துக் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமையாக எடுத்தாள்கின்றார். கேட்போர்க்கு நன்கு தெரிந்ததனையே உவமையாகக் கூறுதல் புலவர் மரபாகலின், அவ்வழக்கம் சங்க காலத்திலேயே பலரும் அறிந்ததாக இருந்தது என்பது தேற்றம். அப்பாட்டே பருத்தி வேலி சூழ்ந்த ஒரு சிற்றூரைச் சுட்டித் தொடங்குதலும் கருதத்தக்கது. மகளிர் கையாண்ட துணி பருத்தித் துணியே, அது வேலியோரத்தில் விளைந்தது, வீட்டிலே நூற்கப்பட்டது.

இக்காலத்திலே தமிழகத்தில் 'அணையாடை' என்னும் சொல் இப்பொருளுக்கு வழங்குகின்றது. கைக்குழந்தைக்குக் கீழே அணையாக இடும் துணியே அச்சொல்லின் பழம்பொருள். இலங்கையில் 'சுகாதாரத் துவாய்' என்பர். துவாய் என்பது போர்த்துக்கேய மொழியினின்றும் வந்து, இந்நாட்டுத் தமிழில் நிலைபெற்ற சொல். இவ்விரு சொற்களும் பொது மன்றிலே வழங்கத் தொடங்கியமை மிக அண்மையிலேதான்.

ஊரில் இருந்த ஒழுங்கு

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த மக்கள் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். அவ்வூர்களிலே பழஞ்சேலையையும் பழைய வேட்டியையும் கிழித்து, பல மடிப்பாக மடித்து, அரைஞாணிற் கட்டிக்கொள்ளுதல் பெண்களின் வழக்கம். புதுத் துணி இதற்கு ஏற்றதன்று. பலகால் வெளுத்த துணியிலே கஞ்சிப் பசை நீங்கி, நூல் தளர்ந்து, ஈரத்தை உறிஞ்சும் இயல்பு மிகுதியாகும். ஆகவே, வறுமை காரணமாக மட்டும் அவர்கள் பழந்துணியைத் தெரிந்தனர் என்று கூறுதல் முழு உண்மையாகாது. அத்தெரிவிலே பட்டறிவும் உண்டு.

அவ்வூர்களிலே ஆறும் குளமும் இருந்தன, வெயில் இருந்தது, விலக்கு நாள்களிலே தங்குதற்குச் சில ஊர்களில் 'முட்டுவீடு' எனத் தனியிடமும் இருந்தது. வண்ணாத்தி வந்து தீட்டுத்துணியை எடுத்துச் சென்று, வெளுத்துத் தருவாள். இவ்வொழுங்கு மேல்நோக்கிற் செவ்விதாகத் தோன்றினும், அதன் அடியிலே பெருங்கொடுமை ஒன்று கிடந்தது. பிறர் தொட அஞ்சிய துணியைத் தொட்டு வெளுத்த காரணத்தால், அத்தொழிலாளர் இழிந்தோர் எனப்பட்டனர். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊர் வண்ணார் துணி வெளுப்பதில்லை. அவர்க்கெனப் புதிரை வண்ணார் என்னும் பிரிவினர் இருந்தனர். அவர்களோ யாவரினும் கீழாக வைக்கப்பட்டனர். தோட்டங்களுக்குப் புறப்பட்டவருட் பெருந்தொகையினர் இத்தாழ்த்தப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்களே என்பதை மறத்தலாகாது.

கண்டி நாட்டுச் சிங்கள மக்களிடையேயும் இத்தகைய வழக்கங்கள் இருந்தன. 1660 முதல் 1679 வரை கண்டி அரசனுடைய காவலில் இருந்த ஆங்கிலேயரான இறொபேட் நொக்சு, 1681 இல் வெளியிட்ட தம் நூலிலே, விலக்குற்ற பெண்கள் தெய்வங்களின் கோயிலை அணுகுவதில்லை என்றும், அத்தகைய பெண்கள் இருக்கும் வீட்டினின்று வரும் ஆடவரும் அணுகுவதில்லை என்றும் குறித்துள்ளார். ஆகவே, பள்ளத்தாக்கில் வயல் செய்த வலப்பனைச் சிங்களக் குடிகளும், பின்னர் மேட்டுநிலத் தோட்டங்களிலே குடியேறிய தமிழ்க் குடிகளும், மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டிருந்தும், இவ்வொன்றில் ஒத்த கருத்துடையராய் இருந்தனர்.

கடல் கடந்த பின்

1820களிலே கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவத் தொடங்கிற்று. அக்காலத்திற் கூலியாட்களாக வந்தவருட் பெரும்பாலோர் ஆடவர். பருவத்துக்கு வந்து, கோப்பி பறித்து, ஊர் திரும்பியோர். 1869 இற் காணப்பட்ட இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1867 இல் யேம்சு தெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதனைக் கிள்ளுதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டப்பட்டன. எனவே கங்காணிமார் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்க்கலாயினர். நிலையான குடியிருப்புக்கள் எழுந்தன. உடப்புசல்லாவை, இராகலை, ஹைபொரஸ்ட் முதலிய இடங்களின் சரிவுகள் பசுந்தேயிலையால் மூடப்பட்டமை இவ்வாறே.

இம்மாற்றத்தினாற் பெண்ணுக்கு நேர்ந்தது யாது? ஊரில் இருந்த குளமும் வெயிலும் தனியிடமும் ஒருங்கே மறைந்தன. லயன் காம்பரா ஏறத்தாழ 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடையது. முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகளிற் பல காம்பராக்கள் அமைந்தன. அவ்வோரறையிலே தாய் தந்தையரும், பிள்ளைகளும், சிலபோது மாமன் மாமியரும் வாழ்ந்தனர். முன்புறத்து இஸ்தோப்பிலே அடுப்பெரிந்தது. விலக்கு நாளிலே ஒதுங்கியிருத்தற்கு அறையின் ஒரு மூலையன்றி வேறிடமில்லை. நீருக்குப் பொதுப் பீலி ஒன்று; அங்கே பகல் முழுவதும் ஆண்களும் பெண்களும் வந்துபோயினர். ஆகலின், துணியை அலசுதற்குரிய பொழுது வைகறை இருளும் முன்னிரவுமே ஆயின.

அலசிய துணியை உலர்த்துதல் அதனினும் அரிது. வலப்பனை, உடப்புசல்லாவைச் சரிவுகள் வடகீழ்ப் பருவக்காற்றின் மழையைப் பெறுவன. ஐப்பசி முதல் தை வரை பல நாள் வெயில் முகம் காண்டல் அரிது. ஹட்டன் பக்கத்திலோ தென்மேல் பருவக்காற்று வைகாசியிலிருந்து பல மாதம் மழை பொழியும். வெயில் எறித்த நாளிலும் பலர் கண்ணிற் படும் கொடியிலே இத்துணியை இடுதல் கூடாது என்பது வழக்கம். ஆகவே, கட்டிலின் கீழும், கூரையிடுக்கிலும், வேறு சேலையின் மடிப்புக்குள்ளும் அது அரைகுறையாக உலர்ந்தது. வெயிலில் நன்கு காய்ந்த துணி உடலுக்கு ஊறு செய்வதன்று. ஈரம் தங்கிய துணியிலோ நுண்ணுயிர்களும் பூஞ்சணமும் தங்குகின்றன. ஒடிசா மாநிலத்திலே பெண்களிடை நிகழ்த்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்று, துணியை வீட்டினுள்ளே உலர்த்துவோரிடம் பூஞ்சணத் தொற்று மிகுதியாகக் காணப்பட்டமையை எடுத்துக்காட்டியுள்ளது. ஆகவே நோய்க்குக் காரணம் துணியன்று. துணியை ஒளித்து வைக்க வேண்டிய நிலையே என்க.

டோபி என அழைக்கப்பட்ட சலவைத் தொழிலாளி தோட்டத்திலும் இருந்தார். பெண்பிள்ளை பெரியவளாகும் சடங்கிலே டோபிக்குடியினர்க்கு உரிய பங்கும் தொடர்ந்தது. மாமன் குச்சுக் கட்டுதலும், நீராட்டுதலும், உறவினரை அழைத்து விருந்திடுதலும் லயத்திலும் நிகழ்ந்தன. ஆயின் மாதந்தோறும் வரும் துணி பெரும்பாலும் அவளவள் கையாலேயே அலசப்பட்டது. முதற்பூப்பினை ஊரறியக் கொண்டாடிய சமுதாயம், அதன்பின் வரும் ஒவ்வொரு திங்களையும் ஒருவரும் அறியாமல் மறைக்குமாறு அப்பெண்ணைப் பணித்தது.

கொழுந்து மலையில் ஒரு நாள்

வீட்டினுள்ளே விலக்கு விதி வழங்கிற்று. வேலைத்தலத்திலே அவ்விதி வழங்கவில்லை. விலக்குற்ற பெண் பூசையறையை அணுகலாகாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செல்லலாகாது. ஆனால் விடியலிலே பிரட்டுக்களத்திற்குச் சென்று பெயர் கொடுத்து, கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டி, மலையேறுதல் வேண்டும். கோயிற் பாத்திரத்தைத் தொடலாகாத அதே கைகள், உலகத்தார் பருகும் தேயிலையைக் கிள்ளின. இம்முரண்பாட்டினைத் துரைமாரும் வினவவில்லை, பெரியோரும் வினவவில்லை.

கொழுந்து மலையிலே மறைவிடம் என ஒன்று அமைக்கப்படவில்லை. தேயிலைச் செடி இடுப்பளவே உயர்ந்தது. இடுப்பிற் கட்டிய படங்கு மழையையும் செடியின் ஈரத்தையும் ஓரளவு தடுத்தது, கறையையும் மறைத்தது. பகலுணவு வேளையில் லயத்துக்கு ஓடிவந்து மீள்வோர் சிலர். தொலைமலையில் நிற்போர்க்கு அதுவும் இயலாது. நோவினால் இடையிலே இறங்கி வந்தாற் கிடைப்பது 'அரைப்பேர்'; அஃதாவது அரைநாட் கூலி. ஆகலின் நோவைப் பொறுத்தலும், காலையிற் கட்டிய துணியை மாலைவரை மாற்றாதிருத்தலும் வழக்கமாயின. நனைந்த துணி தொடையிடையே உராய்ந்து புண்ணாதலும், ஏற்ற இறக்கங்களிலே நடக்க அஞ்சுதலும் அவர்கள் ஒருவருக்கொருவர் மட்டுமே கூறிக்கொண்ட துன்பங்கள்.

சட்டங்கள் சில இப்பெண்களைக் கருத்திற் கொண்டன. 1872 இல் தோட்ட மருத்துவத் தேவைக்கான கட்டளைச்சட்டம் பிறந்தது. 1939 இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் வந்தது. பிள்ளைப்பேறு தொழிலாளர் தொகையைப் பெருக்குவதாகலின் சட்டத்தின் கண்ணிற் பட்டது. பிள்ளைப்பேற்றுக்கு அடிப்படையான மாதவிலக்கோ எச்சட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

மேலைநாட்டில் எழுந்த தொழில்

மலைநாட்டிலே தேயிலை நிலைபெற்ற அதே காலத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அணையாடை ஒரு வாணிகப் பொருளாகலாயிற்று. பர்மிங்காம் நகரத்துச் சவுதோல் நிறுவனம், ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க துவாய்களை 1890களில் விளம்பரப்படுத்தி விற்றது. அமெரிக்காவிலே யோன்சன் நிறுவனம் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 'லிஸ்டர் துவாய்' என்னும் பெயரில் அத்தகைய பொருளொன்றை வெளியிட்டது. வாங்குதலே நாணத்துக்குரியதாகக் கருதப்பட்டமையால் இவை பெருக விற்கவில்லை.

முதலாம் உலகப்போர் இந்நிலையை மாற்றிற்று. பஞ்சு அருகிய அக்காலத்திலே, கிம்பர்லி-கிளார்க் என்னும் அமெரிக்கக் காகித நிறுவனம் மரக்கூழினின்றும் 'செலுக்கொட்டன்' எனும் பொருளைச் செய்து, காயங்களுக்குக் கட்ட அனுப்பியது. அது பஞ்சினும் பன்மடங்கு ஈரத்தை உறிஞ்ச வல்லது. போர்முனை மருத்துவமனைகளில் இருந்த தாதியர் அதனைத் தம் தேவைக்கும் பயன்படுத்தினர். போர் முடிந்தபின், 1920 இல் அதே பொருள் 'கோட்டெக்சு' என்னும் பெயருடன் கடைக்கு வந்தது. வாய்திறந்து கேட்க நாணும் பெண்கள் காசைப் பெட்டியில் இட்டுப் பொதியை எடுத்துச் செல்லுமாறு கடைகளில் ஏற்பாடு செய்யப்பட்டது. இலங்கையிலே கடைக்காரர் அப்பொதியைச் செய்தித்தாளிற் சுற்றிக் கொடுக்கும் வழக்கமும் அதே நாணத்தின் மற்றொரு வடிவமாகும்.

1933 இல் ஏள் ஹாசு என்னும் அமெரிக்க மருத்துவர், உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருளுக்கு உரிமம் பெற்றார்; அதுவே 'தம்பெக்சு' எனப் பெயர் பெற்றது. 1937 இல் லியோனா சாமர்சு என்னும் பெண்மணி இறப்பராலான கிண்ணமொன்றிற்கு உரிமம் பெற்றார். 1970 அளவில், உடையிலே ஒட்டிக்கொள்ளும் துவாய் வந்தபின் இடுப்புப் பட்டி மறைந்தது. 1980 இல், மிகுதியாக உறிஞ்சும் ஒருவகைச் சுருள் நச்சுத் தாக்க நோய்க்குக் காரணமாகி அமெரிக்கச் சந்தையினின்று நீக்கப்பட்டது. புதுமை யாவும் நன்மையே என்னும் எண்ணத்துக்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கையாகும்.

இப்பொருள்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எட்டுவனவாய் இருந்தனவா என்பதனைக் கணக்கிட்டு அறியலாம். 1921 அளவிலே 12 கோட்டெக்சுத் துவாய்கள் அமெரிக்காவில் 60 சதத்துக்கு விற்கப்பட்டன. இலங்கையில் 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி விதிகளின்படி, மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவர்க்கு 32 சதமும் வழங்கப்பட்டன. அக்கால நாணய மாற்றின்படி இலங்கையின் 43 சதம், அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 16 சதமே. எனவே அப்பொதி ஒன்று, கப்பற் கட்டணமும் வணிகர் இலாபமும் சேராமலே, ஒரு பெண்ணின் ஏறத்தாழ நான்கு நாட் கூலியை விழுங்கியிருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த கூலி தோட்டங்களிலே ஏற்பட்டது 1984 இலேதான். பெண்ணாயிருந்தமையால் 11 சதம் குறைவாகப் பெற்றவள், பெண்ணாயிருந்தமையாலேயே மேலதிகச் செலவொன்றையும் சுமந்தாள்.

வரியும் விலையும்

1977 க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. துவாய்ப் பொதிகள் இராகலை, வலப்பனை முதலிய சிறு நகரங்களின் கடைகளிலும் தோன்றலாயின. படித்த இளம்பெண்கள் முதலில் அவற்றை நாடினர். ஆயின் அரசு அவற்றைத் தேவைப்பொருளாகக் கொள்ளாது, ஆடம்பரப் பொருளுக்கு ஒப்ப வரி விதித்தது. சுங்கத் தீர்வை, செஸ் வரி, பெறுமதி சேர் வரி, துறைமுக விமான நிலைய வரி முதலியன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இறக்குமதித் துவாய்மீதான மொத்த வரி 101.2 சதவீதமாயிற்று. அஃதாவது நூறு ரூபாப் பொருளுக்கு நூறு ரூபாவுக்கு மேல் வரி. 2018 செப்தெம்பரில் செஸ் வரி நீக்கப்பட, அது 62.6 சதவீதமாகக் குறைந்தது.

பின்னர் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 2021 இல் நீண்ட போராட்டத்தின் பின் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்கூலி மாவுக்கும் அரிசிக்குமே போதாததாயிற்று. உணவா, துவாயா என்னும் வினா எழுந்தவிடத்துத் தாய்மார் விடை கூறத் தயங்கியிரார். மகளுக்கு ஒரு பொதி வாங்கித் தாம் பழந்துணிக்கு மீண்டோரும் உண்டு. 2022 ஒக்தோபரில் உள்நாட்டு உற்பத்திக்கு வேண்டிய மூலப்பொருள்களின் மீதான இறக்குமதி வரிகளை அரசு விலக்கிற்று. 2024 இற் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவியர்க்குத் துவாய் வாங்குதற்கான பற்றுச்சீட்டு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தெயிலர் பிறந்த நாடாகிய ஸ்கொட்லாந்து, 2020 நவம்பரில் இப்பொருள்களை யாவர்க்கும் இலவசமாக வழங்குதற்குச் சட்டம் இயற்றி, அவ்வகையில் உலகில் முதலாவதாயிற்று. அச்சட்டம் 2022 ஓகத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேயிலையைக் கொணர்ந்தவரின் நாட்டிலே தோன்றிய அந்நெறி, தேயிலை பறிப்போரின் மலைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

கோயம்புத்தூரிற் பிறந்த பொறி

மலையக மக்களின் தாயகமாகிய தமிழகத்திலே நிகழ்ந்த ஒரு முயற்சி ஈண்டு நினைக்கத்தக்கது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் என்பார், 1998 இல் தம் மனைவியார் கந்தற்றுணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டு, விலை குறைந்த துவாய் செய்ய முற்பட்டார். முதலிற் பஞ்சினாற் செய்தார், அது பயன்படவில்லை. பெருநிறுவனங்கள் கையாள்வது பஞ்சன்று, ஊசியிலை மரத்தின் கூழ் என்பதனை அறிதற்கே நீண்ட காலம் சென்றது. ஊரார் பழித்தனர், மனைவியாரும் அன்னையாரும் சில காலம் பிரிந்தனர். இறுதியில் மரக்கூழை நொறுக்குதல், அமுக்குதல், உறையிடுதல், புறவூதாக் கதிரால் நுண்ணுயிர் நீக்குதல் எனும் படிகளைச் செய்யும் எளிய பொறிகளை அமைத்தார். அவற்றைச் சிற்றூர்ப் பெண்கள் குழுக்களுக்கே விற்றார். 2016 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது அளித்தது. தமிழக அரசோ 2012 இல் 'புது யுகம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, நாட்டுப்புறத்து வளரிளம் பெண்களுக்குத் துவாய்களை இலவசமாக வழங்கிற்று.

முருகானந்தத்தின் சிறப்பு பொறியை அமைத்ததில் மட்டும் அடங்குவதன்று. பெண்கள் தாமே செய்து, தாமே விலை குறித்து, தம்முள் விற்கும் முறையை அவர் வகுத்தமையால், கூலி, நாணம் ஆகிய இரு தடைகளும் ஒருங்கே தளர்ந்தன.

நீரும் மறைவிடமும்

எனினும் துவாய் கிடைத்தலோடு துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. பயன்படுத்திய துவாயை எங்கே இடுவது? லயங்களிற் குப்பை அகற்றும் ஒழுங்கு அருமை. புதைத்தால் நாய் தோண்டும். ஓடையில் எறிந்தால் நீர் கெடும். நெகிழி கலந்த துவாய் எளிதில் எரியாது. கழுவிப் பல ஆண்டு பயன்படுத்தும் கிண்ணம் இக்குறைக்கு ஒரு மாற்றெனச் சிலர் கூறுவர். கேரளத்துக் கும்பளங்கி என்னும் ஊர் 2022 இல் அதனைப் பெருமளவிற் கைக்கொண்டு பெயர் பெற்றது. ஆயின் கிண்ணத்தைக் கழுவத் தூய நீரும், கொதிக்க வைக்கக் கலமும், கதவுள்ள குளியலறையும் வேண்டும். பழந்துணி வேண்டியதும் இவற்றையே. நூற்றாண்டுக் காலப் புதுமைகள் யாவும் ஈற்றிலே அதே பீலியடிக்குத் திரும்பி வருகின்றன.

அப்பீலிக்குக் குழாயும், லயத்துக்குக் கழிப்பறையும் ஏன் காலத்தில் வரவில்லை? விடையினை அரசியல் வரலாற்றிற் காணலாம். 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் இழந்தனர். வாக்கில்லாதவருக்கு நீர் கேட்டுப் பேசுவோர் மன்றிலே குறைவு. குடியுரிமை படிப்படியாக மீண்ட பின்னரும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபைகள் பணம் செலவிடுதற்குத் தடையாய் நின்றது. வரைபடத்தில் வலப்பனைப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருந்த லயம், அதன் வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே இருந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018 இல். செஸ் வரி நீங்கியதும் அதே ஆண்டிலேதான். துவாயின் விலை குறைந்ததைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. பெண்ணின் நலத்துக்கு அதனினும் அடிப்படையான திருத்தமொன்று அதே ஆண்டில் நிகழ்ந்ததனைப் பலர் கவனித்திலர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, தோட்டப் பெண்கள் அறியாமையாற் பழந்துணியைப் பற்றி நின்றனர் என்னும் கூற்றுத் தவறு. பருத்தியின் இயல்பை அவர்கள் நன்கறிவர். கிட்டாதிருந்தவை நீரும், வெயிலும், மறைவிடமும், ஒத்த கூலியுமே. மற்றொன்று, இப்பொருள் பற்றிய மௌனத்தின் விலையை முழுவதும் செலுத்தியோர் பெண்களே. கங்காணியின் பெயர்ப்பட்டியலிலே அரைப்பேர் விழுந்த நாள்கள் பலவற்றின் காரணம் அப்பட்டியலில் எழுதப்படவில்லை. பள்ளிப் பதிவேட்டில் மாணவியர் வராத நாள்களின் காரணமும் அவ்வாறே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு ஒரு பணியை உணர்த்துகின்றது. மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் தாழிடத்தக்க கதவும், ஓடும் நீரும், மூடியுள்ள தொட்டியும் கொண்ட ஓரறை அமைதல் பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. அவ்வறை வேண்டுமென்று ஆடவரும் வாய்திறந்து கேட்டல் வேண்டும். சங்கப் புலவர் ஒருவர் போர்க்களப் பாட்டிலே கூசாது எடுத்தாண்ட ஒரு செய்தியை, இரண்டாயிரம் ஆண்டு கழித்து வகுப்பறையிலே கூறக் கூசுதற்கு நியாயம் இல்லை. பேசத் தொடங்கியவிடத்து வரி குறைந்தது, சட்டம் திருந்தியது, பொறி பிறந்தது. பீலியடியில் இருளிலே துணி அலசும் பெண் பகலிலே அலசி, வெயிலிலே உலர்த்தும் நாள் வருமாயின், அதுவே இவ்வரலாற்றின் அடுத்த இயலாக அமையும்.